கட்டுச்சோறும் கடல் நத்தையும்

அரியலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர்க் கல்லில் கடல் நத்தை ஓடுகள் கிடைக்கின்றன. இதே சாயல் நத்தைகள் ஐரோப்பாவிலும் கிடைப்பதாகப் படித்தேன். ஒரு ராத்திரி முழுக்க ஊர்ந்தாலும் நாலு முழம் தாண்டாத பிராணி இவ்வளவு தூரம் எப்படிப் போயிற்று? கண்டங்கள் நகர்ந்ததாலா?"

கடைசிக் கேள்வியைப் பள்ளிப் பாடம் கேட்க வைத்திருக்கிறது. கண்டநகர்வு எதற்கெடுத்தாலும் நீட்டப்படும் பதிலாகிவிட்டது. ஒட்டியிருந்த நிலம் பிரிந்தது, நத்தையும் அதோடு பிரிந்தது என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் கடல் நத்தை நிலத்தின் மேல் குந்திக்கொண்டு போகிற பயணி இல்லை. ஒரே காலத்தில், ஒரு கடலின் இரண்டு கரைகளிலும், ஒரே இனம் வாழ்ந்திருக்கிறது என்றால் அது தண்ணீரைக் கடந்துதான் ஆக வேண்டும். வளர்ந்த நத்தையால் அது பெரும்பாலும் முடியாது. குழந்தை நத்தையால் முடியும்.

அதைச் சொல்வதற்கு முன் வரலாற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்க வேண்டியிருக்கிறது. அரியலூர், கருடமங்கலம், ஊட்டத்தூர் வட்டாரம் சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை விட்டுவிட்டுக் கடலடியில் கிடந்தது. அங்கிருந்து ஆங்கிலேயர் இருவர் திரட்டி அனுப்பிய ஓடுகளை 1846-இல் எட்வர்டு ஃபோர்ப்ஸ் விவரித்தார். பிறகு மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, தென்னிந்தியக் கிரெட்டேசியக் கால நத்தைகளுக்கென்றே ஒரு தடித்த தொகுதியை 1867–68-இல் வெளியிட்டார். இங்கே வருவதற்கு முன் ஆஸ்திரிய ஆல்ப்ஸ் மலையின் கோசாவ் பாறை நத்தைகளை ஆராய்ந்தவர் அவர். ஆகவே நம் ஊர் நத்தைகளில் ஐரோப்பியச் சாயல் அவர் கண்ணில் பட்டதில் வியப்பில்லை. 1874-இல் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்துபோனார். கல்லறை லேயில் இருக்கிறது. சாயலைப் பார்த்துச் சொன்ன அந்தத் தலைமுறைக்கு, அது எப்படி வந்தது என்று சொல்ல வழியில்லை. அந்த விடை ஓட்டின் நுனியில், வெறுங்கண்ணுக்குப் பிடிபடாத அளவில் இருந்தது.

நத்தை தன் ஓட்டைக் கழற்றிப் போடுவதில்லை, இடித்துக் கட்டுவதும் இல்லை. நண்டு சட்டையுரித்துப் பழையதை எறிந்துவிடும். நத்தையோ வாய்ப்பக்கம் மட்டும் புதுச் சுண்ணாம்பைச் சேர்த்துக்கொண்டே போகிறது. அப்படியானால், சுருளின் எதிர்முனை, அதாவது கூரான உச்சி, அது பிறந்தபோது போட்டிருந்த ஓடேதான். கிழட்டு நத்தையின் உச்சியிலும் அதன் குழந்தைப் பருவம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவு. நல்ல கைலென்ஸ் இருந்தால் தெரியும். நுண்ணோக்கியில் இன்னும் துலக்கமாகத் தெரியும்.

இந்த உச்சி பெரும்பாலும் இரண்டு விதமாக அமையும். சிலவற்றில் தொடக்கப் புள்ளி மிகச் சிறியது. அதைச் சுற்றி இறுக்கமாக மூன்று, நான்கு சுருள்கள். அவற்றின் மேல் வலைப்பின்னல் போட்ட நுண்ணிய கோடுகள். பிறகு சட்டென்று ஒரு வெட்டு. அதற்கப்புறம் வேறு மாதிரியான, தடித்த, பெரியவர்களுக்கான ஓடு. மற்றவற்றில் தொடக்கமே கொழுகொழுவென்று மொட்டையான ஒரு குமிழ். ஒன்றோ ஒன்றரையோ சுருள், அவ்வளவுதான். உடனே பெரியவர் ஓடு தொடங்கிவிடும்.

முதல் வகை நத்தை, மஞ்சள்கரு அதிகமில்லாத சின்ன முட்டையிலிருந்து வந்தது. பொரிந்ததும் கடலில் நீந்தியது. இந்த நீந்தும் இளம்பருவத்துக்கு லார்வா என்று பெயர். தலைக்கு இருபுறமும் விரியும் மடல்களின் விளிம்பில் வரிசை வரிசையாக நுண்மயிர்கள் துடிக்கும். அதே மயிர்கள்தாம் துடுப்பு, அதே மயிர்கள்தாம் சல்லடை. நீந்திக்கொண்டே நுண்பாசிகளை வடித்துத் தின்று, நடுக்கடலிலேயே ஓட்டுக்குச் சுருள் சேர்த்து, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீரோட்டத்தோடு போய், ஒரு நாள் அடியில் இறங்கியது. அந்த வெட்டுதான் இறங்கிய நாளின் அடையாளம். இரண்டாம் வகை, பெரிய முட்டைக்குள் தாய் வைத்துவிட்டுப் போன மஞ்சள்கருவைத் தின்றே வளர்ந்து, பெரும்பாலும் முட்டைப் பையிலிருந்தே சின்ன நத்தையாக ஊர்ந்து வெளியே வந்தது. பிறந்த இடத்திலேயே வாழ்க்கை.

உச்சியைப் பார்த்து இளம்பருவத்தைச் சொல்லிவிடலாம் என்று உயிருள்ள நத்தைகளை வைத்து வாதாடியவர் டென்மார்க்கின் குன்னர் தோர்சன், 1950 வாக்கில். அதைப் புதைபடிவங்களுக்கு நீட்டியபோதுதான் விஷயம் சூடுபிடித்தது. இறந்து ஏழு கோடி ஆண்டு ஆன பிராணி, குழந்தையாக இருந்தபோது என்ன தின்றது, எங்கே வளர்ந்தது என்பதை ஓர் ஓட்டின் நுனி சொல்கிறது. டைனோசர் ஆராய்ச்சியாளர்கள் இப்படியொரு சான்றுக்கு எதையும் கொடுப்பார்கள். செய்தித்தாள்களோ டைனோசருக்குத்தான் முதல் பக்கம் தருகின்றன. நத்தைக்கு யார் தருவார்?

இதை வீட்டுக்குள் கொண்டுவந்து பார்ப்போம். இரண்டு தாய்கள், ஆளுக்கு ஒரு படி அரிசி. ஒருத்தி பத்துப் பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்கிறாள். ஆளுக்கொரு பெரிய பொட்டலம் புளிச்சோறு கட்டித் தருகிறாள். அது தீரும்போது பிள்ளை அடுத்த தெரு வரை போயிருப்பான், அங்கேயே குடியேறிவிடுவான். இன்னொருத்திக்கு ஆயிரக்கணக்கில் பிள்ளைகள். ஆளுக்கு ஒரு பருக்கைதான் தேறும். "வழியெல்லாம் மெஸ் இருக்கிறது, போய்ப் பிழைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுகிறாள். பெரும்பாலோர் அந்த மெஸ்ஸிலேயே மற்றவர்களுக்கு இலையில் பரிமாறப்பட்டுவிடுகிறார்கள். தப்பித்த சிலர் சிங்கப்பூரிலும் டர்பனிலும் மார்சேயிலும் இருக்கிறார்கள்.

இப்போது ஊர் ஏரி வற்றுகிறது. கட்டுச்சோற்றுக் குடும்பம் பூண்டோடு போய்விடும். எல்லோரும் அந்த ஏரியை நம்பித்தானே இருந்தார்கள். மெஸ் குடும்பத்துக்கு எங்கேயாவது ஒரு சித்தப்பா மிஞ்சியிருப்பார். இன்னொன்றும் நடக்கும். மெஸ் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லா ஊருக்கும் போய்க்கொண்டே இருப்பதால் எல்லா ஊரிலும் பெண் எடுக்கிறார்கள், கொடுக்கிறார்கள். பேச்சு ஒன்றாகவே இருக்கிறது, குழம்பு ஒன்றாகவே இருக்கிறது. கட்டுச்சோற்றுக்காரர்கள் ஆற்றைத் தாண்டிச் சம்பந்தம் வைப்பதில்லை. சில தலைமுறையில் அக்கரைப் பேச்சு வேறு, இக்கரைப் பேச்சு வேறு, புளிக்குப் பதில் எலுமிச்சை. பிறகு பெண் கொடுப்பதே நின்றுபோகும். உயிரியலில் அதற்குப் புது இனம் என்று பெயர். (இந்த உவமையில் வெளியூர்ப் பிள்ளை பணம் அனுப்புவானா என்று கேட்காதீர்கள். லார்வா மணியார்டர் அனுப்பாது. அரிசியின் விலையையும் நான் கணக்கில் எடுக்கவில்லை.)

ஆக, பாறையில் மூன்று விஷயங்களை எதிர்பார்க்கலாம். மெஸ் நத்தைகள் அகலமான பரப்பில் கிடைக்க வேண்டும். அந்த இனங்கள் நீண்ட காலம் நீடித்திருக்க வேண்டும். கட்டுச்சோற்று நத்தைகளோ சின்னப் பரப்பில், குறுகிய ஆயுளோடு, ஆனால் நிறைய இனங்களாகப் பிரிந்திருக்க வேண்டும்.

சரிபார்க்க நுனி உடையாத ஓடுகள் வேண்டுமே. நம் பாறைகளில் பெரும்பாலும் ஓடு கரைந்து உள்ளச்சு மட்டும் மிஞ்சியிருக்கும். உள்ளச்சில் இந்த நுண்கோடுகள் வராது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கூன் கிரீக் என்றொரு ஓடை இருக்கிறது. அதன் கரையிலுள்ள கரும்பச்சை மணற்களிமண்ணில், சுமார் 7 கோடி ஆண்டுக்கு முந்தைய ஓடுகள் முத்துப்பளபளப்போடு அப்படியே கிடைக்கின்றன. புரூஸ் வேட் என்பவர் 1926-இல் அவற்றை விவரித்தார். பின்னர் மிசிசிப்பி வரை நீளும் அதே காலத்துப் பாறைகளின் நத்தைகளை நார்மன் சோல் பொறுமையாக இனம் பிரித்தார். இந்த மாதிரிப் பட்டியல் போடுகிற வேலைக்கு யாரும் விருது தருவதில்லை. ஆனால் அடுத்து வந்தவர்களின் கோட்பாடுகளெல்லாம் அந்தப் பட்டியல்களின் மேல்தான் நிற்கின்றன.

முதலில் எண்ணிச் சொன்னவர் தோர் ஹான்சன், 1978-இல். மெக்சிகோ வளைகுடாக் கரையின் சற்றுப் பிந்திய காலத்து வொலூட் குடும்ப நத்தைகளை எடுத்துக்கொண்டார். நீந்தும் இளம்பருவம் கொண்ட இனங்கள் சராசரியாக 44 லட்சம் ஆண்டுகள் நீடித்தன. நீந்தாதவை 22 லட்சம். சரியாகப் பாதி. அடுத்து டேவிட் ஜப்லான்ஸ்கி, நியூ ஜெர்சி முதல் டெக்சஸ் வரையுள்ள கரையோரக் கிரெட்டேசியப் பாறை நத்தைகளில் அதே போக்கைக் கண்டார். பரப்பு அகலமானால் ஆயுள் நீளுகிறது. பரப்பு குறுகினால் ஆயுள் குறைகிறது, இனப்பிரிவு கூடுகிறது.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. சீக்கிரம் அழிகிற கட்டுச்சோற்று வகை காலப்போக்கில் அருக வேண்டும் என்றுதானே தோன்றும்? ஹான்சன் பார்த்த குடும்பங்களில் அது பெருகியது. அழிவதைவிட வேகமாக இனம் பிரிந்துகொண்டிருந்ததுதான் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. நீந்தித் தின்னும் மடல்களை ஒரு வம்சம் ஒருமுறை கைவிட்டால் திரும்பப் பெறுவது அரிது. ஆகவே போக்குவரத்து பெரும்பாலும் ஒருவழிதான்: மெஸ் குடும்பத்திலிருந்து கட்டுச்சோற்றுக்கு மாறுகிறவர்கள் உண்டு, திரும்புகிறவர்கள் குறைவு. தனித்தனி நத்தைக்கு இதில் நன்மையா தீமையா என்ற கேள்வியே எழவில்லை. எந்த நத்தையும் வென்று காட்டாமல், இனங்களின் எண்ணிக்கை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இதிலிருந்துதான் ஒரு பெரிய சண்டையும் கிளம்பியது. நீந்துவது ஒரு நத்தையின் குணம். ஆனால் 'பரப்பு' எந்தத் தனி நத்தைக்கும் உரியதில்லை. இனத்துக்கு மட்டுமே உரியது. அகலமான பரப்புள்ள இனத்திலிருந்து பிரியும் புது இனத்துக்கும் அகலமான பரப்பு அமைகிறது என்று 1987-இல் ஜப்லான்ஸ்கி சொன்னார். அதாவது, இனங்களுக்கும் பரம்பரைச் சொத்து உண்டு, இயற்கைத் தேர்வு இன அளவிலும் நடக்கலாம் என்று பொருள். 2003-இல் வெப், காஸ்டன் என்ற இருவர் அதே எண்களை வேறு விதமாகக் கூட்டிக் கழித்து, அப்படியொன்றும் இல்லை என்றார்கள். 2005-இல் ஜப்லான்ஸ்கி தரப்பு மறுபடியும் உண்டு என்றது. அடுத்த ஆண்டு ஜீன் ஹன்ட்டோடு சேர்ந்து அவர் செய்த கணக்கில், பரப்பைத் தனியாகப் பிரித்துவிட்டால் லார்வா வகைக்கென்று ஆயுளில் பெரிய பங்கில்லை என்று வந்தது. பரப்புதான் காக்கிறது, லார்வா அந்தப் பரப்பை வாங்கித் தருகிறது. இதைப் 'பரிணாமக் கோட்பாடு தலைகீழானது' என்று எழுதத் துடிக்கும் நிருபர்கள் நிதானிக்கலாம். டார்வினுக்கு எந்தக் காயமும் இல்லை.

ஆனால் 6.6 கோடி ஆண்டுக்கு முன் ஒரு பெரிய விண்கல் விழுந்தபோது இந்தக் காப்பீடெல்லாம் செல்லாமல் போயிற்று. அதே கடற்கரை நத்தைகளில் ஜப்லான்ஸ்கி பார்த்தார். நீந்திய வகைக்கும் நீந்தாத வகைக்கும் தப்பிப் பிழைத்ததில் வேறுபாடில்லை. ஓர் இனத்தின் பரப்பு அகலமா குறுகலா என்பதும் உதவவில்லை. ஒரு பேரினத்தில் எத்தனை இனங்கள் என்பதும் உதவவில்லை. ஒன்றே ஒன்று உதவியது: பேரினம் மொத்தமாக எத்தனை கடல்களில் பரவியிருந்தது என்பது. லட்சக்கணக்கான ஆண்டுகள் நத்தைகளைக் காத்த குணம், பேரழிவு நாளில் கணக்கிலேயே வரவில்லை. எது 'தகுதி' என்பது நாளைப் பொறுத்து மாறுகிறது. தகுதியுள்ளது வாழும் என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு இந்த நத்தைகளைக் காட்ட வேண்டும்.

பரப்பு பெருகுவதைப் போலவே சுருங்கவும் செய்யும். சுமார் 4.5 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்று பாரிஸ் நகரம் இருக்கும் வட்டாரத்தில் ஆழமற்ற வெதுவெதுப்பான கடல். அதில் காம்பனைல் ஜைகான்டியம் என்ற நத்தை அரை மீட்டரைத் தாண்டி வளர்ந்தது. அதன் உறவினர்கள் டெதிஸ் என்ற பழங்கடலின் கரையோரமெங்கும் இருந்தார்கள். இன்று அந்தப் பேரினத்தில் உயிரோடிருப்பது ஒரே இனம், ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில். உடனே 'வாழும் புதைபடிவம்' என்று பட்டம் கட்டிவிடுவார்கள். அது புதைபடிவம் ஒன்றும் இல்லை; பங்காளிகள் எல்லோரும் போய்ச் சேர்ந்தபின் தனித்து நிற்கும் ஒரு சாதாரண நத்தை.

'லார்வா கடலைக் கடக்கும்' என்பதிலும் மிகை உண்டு. கடக்கும் என்பது உண்மை. ருடால்ஃப் ஷெல்டமா நடு அட்லாண்டிக்கில் வலை வீசி, கரையோர நத்தைகளின் லார்வாக்களை உயிரோடு எடுத்தார். அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் ஃப்யூசிட்ரைட்டன் என்ற நத்தையின் லார்வாக்களை ஆய்வகத்தில் நாலரை ஆண்டுகள் வளர்த்து, கடைசியில் அவை அடியிறங்கி நத்தையானதையும் கண்டிருக்கிறார்கள். ஆனால் போய்ச் சேர்வது வேறு, குடித்தனம் நடத்துவது வேறு. ஸ்காட்லாந்தின் கடைசித் தீவுகளுக்கும் மேற்கே சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி ராக்கால் என்றொரு மொட்டைப் பாறை அட்லாண்டிக்கில் நிற்கிறது. அதில் கரைநத்தை ஒன்று வாழ்கிறது: லிட்டோரினா சாக்சாட்டிலிஸ். அது குட்டிகளை வயிற்றிலேயே வைத்து வளர்த்து வெளிவிடும் வகை. நீந்தும் பருவமே கிடையாது. கடல் முழுக்க லார்வாக்களை அனுப்பும் அதன் உறவினரான லிட்டோரினா லிட்டோரியா அங்கே இல்லை!

1988-இல் கெர்ஸ்டின் யோஹானசன் இந்தப் புதிரை எடுத்து எழுதினார். யோசித்தால் விடை எளிது. பாசிக் கொத்திலோ மிதக்கும் கட்டையிலோ ஒட்டி வரும் ஒரே ஒரு கர்ப்பிணி நத்தை போதும். அதன் பிள்ளைகள் அதே பாறையில் இருக்கும், பக்கத்திலேயே துணை கிடைக்கும், குடும்பம் பெருகும். மற்றதன் லார்வா தப்பித்தவறி வந்து வளர்ந்தாலும், அதற்குப் பிறக்கும் பிள்ளைகளை நீரோட்டம் கொண்டுபோய்விடும். ஆகவே 'நீந்தும் லார்வா என்றால் அகலப் பரப்பு' என்பதை மனப்பாட விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலான சமயம் சரி; ராக்காலில் தவறு. உச்சியைப் பார்த்துச் சொல்வதிலும் எல்லை உண்டு. தின்னாமல் சில நாள் மட்டும் நீந்துகிறவை நடுவில் நின்று குழப்பும். திருகுச்சிப்பி போன்ற பழங்குல நத்தைகளின் லார்வாக்கள் கடலில் நீந்தினாலும் தின்பதே இல்லை; அங்கே இந்த அளவுகோல் செல்லாது.

நம் சங்கு எந்தக் கட்சி என்ற கேள்வி உங்களுக்கு இந்நேரம் வந்திருக்கும். சந்தேகமில்லாமல் கட்டுச்சோறு. தாய்ச்சங்கு மணலில் ஊன்றி வைக்கும், ஆட்டுக்கொம்பாக முறுக்கிய முட்டைக்கூட்டிலிருந்து குட்டிச் சங்குகள் முழு உருவத்தோடு ஊர்ந்து வெளியே வருகின்றன. மெட்ராஸ் மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் சங்கைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதன் உலகம் இந்தியா, இலங்கைக் கரைகளோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதற்குள்ளேயே இடத்துக்கு இடம் உருவம் மாறுகிறது. தூத்துக்குடி வணிகர்கள் ஜாதிச் சங்கு, பட்டிச் சங்கு என்று தரம் பிரிப்பது அந்த வேறுபாட்டை வைத்துத்தான். வேடிக்கை என்னவென்றால், அதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு சங்கு கரீபியக் கடலில் வாழ்கிறது. நீந்தாத குட்டிகளை வைத்துக்கொண்டு இந்தக் கூட்டம் இரண்டு பெருங்கடல்களுக்கு எப்படிப் பரவியது? பெரும்பாலும் ஊர்ந்துதான் இருக்க வேண்டும், தலைமுறை தலைமுறையாக, ஆழமற்ற கரையோரமாக. அன்று கடல்வழிகள் திறந்திருந்தன. பிற்பாடு மேற்காசியாவில் டெதிஸ் அடைபட்டது. சுமார் 30 லட்சம் ஆண்டுக்கு முன் பனாமாவில் நிலம் எழுந்தது. கண்டநகர்வு உண்மையாகவே கைகொடுக்கும் இடம் இது.

ஆகவே வாசகருக்கு என் பதில் இப்படி. உங்கள் ஊர் நத்தைகளில் ஐரோப்பியச் சாயல் இருப்பதற்கு ஒரு பகுதி காரணம், அன்றைய திறந்த கடல்கள். ஒரு பகுதி, நீந்திப் போன பிள்ளைகள். எந்த நத்தைக்கு எது என்பதை உச்சி இருந்தால்தான் சொல்ல முடியும். அதனால் ஒரு வேண்டுகோள். வயலிலோ சுண்ணாம்புச் சுரங்க ஓரத்திலோ நத்தைக் கல் கிடைத்தால், மினுக்க வேண்டும் என்று பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். முதலில் தேய்ந்து போவது நுனிதான். எடுத்த இடத்தில் கைபேசியால் படம் பிடியுங்கள். ஊர், நிலத்தின் அடையாளம், எந்த அடுக்கிலிருந்து எடுத்தது என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு சேர்த்துக் கட்டுங்கள். இடம் தெரியாத கல்லை வைத்துப் பரவலைப் பற்றி யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. சீட்டோடு அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.